விற்காத மூட்டை

கடையில் மூட்டை நிறைய ஏலக்காய் இருக்கிறது. கேட்டால் கடைக்காரர் தர மறுக்கிறார். ஏன்? சொல்லுங்கள் பார்க்கலாம்.

"பதுக்கல், வேறென்ன?" என்றாள் ஈஸ்வரி, போடி பஜாருக்கே கேட்கும்படி.

மறுநாள் மகள் முத்துப்பிரியாவுக்குப் பிறந்தநாள். வகுப்புக்கே பாயசம் கொண்டுவருவதாகச் சொல்லி வைத்திருந்தாள். அப்பா சின்னமுத்துவுக்குப் போடிமெட்டில் ஏலத்தோட்டம் உண்டு. ஆனால் இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு பிடி காய்கூட வரவில்லை. எல்லாம் விற்றாயிற்றாம்.

"பொன்னுமணி அண்ணே, அந்த மூட்டையில என்ன, உமியா?"

"காய்தான். விக்கிறதுக்கில்ல ஆத்தா."

"விலை ஏறட்டும்னு வச்சிருக்கீங்க. 'கம்பெனிக் கடைக்குப் போகாதீங்க, நம்மூர்க் கடையில வாங்குங்க'ன்னு வாசல்ல போர்டு மட்டும் தொங்குது."

பொன்னுமணி, அம்மாவின் பக்கத்தில் நின்ற முத்துப்பிரியாவைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு தராசைத் துடைத்தார்.

"வாடி. இனி இந்தப் படி ஏறினா என்னை ஏன்னு கேளு."

எதிரே கம்பெனிக் கடை. ஏசி குளிர். தங்க நிறப் பாக்கெட்டில் ஏலக்காய். கும்பிட்டு வழியனுப்பினார்கள்.

சாயங்காலம் சின்னமுத்து அடுப்படியில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தார்.

"இதப் பாயசத்துல போடாத."

"ஏன்?"

"பூச்சிமருந்தடிச்ச மறுநாளே பறிச்சது. கம்பெனி லோடு ஜீப்பு வந்து நின்னுச்சு, வெரசா பறிச்சுட்டேன். நம்ம காயும் இதுல கலந்திருக்கும்."

"கம்பெனிக்காரன் கேக்கலையா?"

"நானே சொன்னேன். 'காய் பச்சையா, பருமனா இருக்குல்ல, ஏத்து'ன்னான்."

"பொன்னுமணி அண்ணன்?"

"அவனுக்கும் ஒரு மூட்டை போட்டேன். கைய விட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கி மோந்தான். தெரிஞ்சுபோச்சு. குழி வெட்டிப் புதைக்கப் போறேன்னான்." குரலைத் தாழ்த்தினார். "பஜார்ல என் பேரச் சொல்லிட்டானா?"

"சொல்லல. பிள்ளை பக்கத்துல நின்னா."

கரண்டியை வீசி எறிந்தாள் ஈஸ்வரி.

"நல்லவரை நடுத்தெருவுல வச்சு ஏசிட்டு வந்திருக்கேன். உங்க பிள்ளைக்கு ஆகாதுன்னுதான வீட்டுக்குக் கொண்டாரல? ஊரான் பிள்ளை வயித்துக்கு மட்டும் ஆகுமா?"



வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முத்துப்பிரியா பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பொன்னுமணி கடைக்குப் போனாள். புதைக்க வைத்திருந்த அந்த மூட்டையின் மேல் அதை வைத்துவிட்டுத் திரும்பினாள்.