திங்கட்கிழமைப் பாஸ்வேர்ட்

"பழைய லாகின் பக்கம் அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே சார். அது உங்களை என்ன பண்ணுது?"

மீட்டிங் அறையின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தும், புக்கிங் மேடத்தின் குரல் வராந்தாவில் இருந்த தண்ணீர்க் குழாய்வரை கேட்டது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், பாட்டில் நிறைந்த பிறகும் நகரவில்லை.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மேடம்" என்றார் சாவியார்.

"என் நல்லது எனக்குத் தெரியும்."

சாவியார் என்பது அந்தப் பார்சல் கம்பெனியின் கம்ப்யூட்டர்காரருக்கு மற்றவர்கள் வைத்த பெயர். யாருடைய பாஸ்வேர்ட் தொலைந்தாலும் அவர் மேஜைக்குத்தான் வந்தாக வேண்டும். முன்மண்டையில் முடி விடைபெற ஆரம்பித்துவிட்ட பிரம்மச்சாரி. தம்பிக்குப் பெண் தேடித் தேடி அவருடைய அக்காவுக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். தம்பியின் மனசு புக்கிங் பிரிவில் குடியேறி வெகுநாளாகிறது என்பது அக்காவுக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொல்லத் தம்பிக்கும் துப்பில்லை.

புக்கிங் மேடத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மறதி மேடம். திங்கட்கிழமை காலை வந்தால் போதும், "சார், இந்த வாரமும் மறந்துட்டேன்" என்று சாவியார் முன்னால் நிற்பார். அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போட்டுத் தருவார். அதற்குள் டெஸ்பாட்ச் ஆட்கள் எட்டிப் பார்த்து, சாயங்காலம் வீட்டுக்கு வழி ஞாபகமிருக்குமா என்று மேடத்தைக் கிண்டலடிப்பார்கள்.

அந்தக் கிண்டல் மேடத்தைத் தொட்டதாகத் தெரியவில்லை. தைத்ததெல்லாம் சாவியாருக்குத்தான். இந்த அவமானத்திலிருந்து மேடத்தைக் காப்பாற்றியே தீருவது என்று கிளம்பிவிட்டார். மனசில் இருப்பதைச் சொல்ல ஊரில் ஆண்பிள்ளைகள் பூ வாங்குவார்கள். இவர் சிங்கிள் சைன் ஆன் கொண்டுவந்தார். விரலை வைத்தால் ஆபீஸ் மெயில் திறக்கும். மெயில் திறந்தால் புக்கிங், லீவு, சம்பளச் சீட்டு எல்லாம் தானே திறந்துகொள்ளும். ஆளுக்கொரு பாஸ்வேர்ட், அதற்கொரு மறதி என்ற பேச்சே கிடையாது. மேடம் நன்றி சொல்ல வருவார், அந்தச் சாக்கில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடலாம் என்பது சாவியாரின் கணக்கு.

அந்த மேடம்தான் இப்போது எதிரே நின்று மல்லுக்கட்டுகிறார். புதுசு என்றாலே சிலருக்குப் பயம் என்று மேனேஜர் சிரித்தார்.

"பழகிடும் மேடம். இனிமே இதுக்காக நீங்க என்கிட்ட வந்து நிக்கவே வேண்டியதில்லை" என்றார் சாவியார், பெருமை பொங்க.

மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், மூடிக்கோங்க என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பழைய பக்கம் மூடப்பட்டது. திங்கட்கிழமை வந்தது, மேடம் வரவில்லை. நன்றி சொல்லவும் வரவில்லை. நம்மைக் கண்டாலே ஆகவில்லை போலிருக்கிறது என்று சாவியார் முடிவு கட்டினார். ஆனாலும் மனசு கேட்காமல் புக்கிங் பிரிவுவரை போவார். என்ன சொல்லி உள்ளே நுழைவது என்று தெரியாமல், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டரை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பி வருவார்.

அந்த வருஷமே மேடத்துக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கப்பல் இன்ஜினியர். கையோடு கடல் கடந்து கூட்டிப் போகிறாராம்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்கு வாய் ஓயவில்லை. மேடையில் ஏறியதுமே பெண் தன்னை அடையாளம் கண்டுகொண்டதைப் பற்றித்தான் பேச்சு.

"உனக்குத் தூசி ஆகாது, காபிக்குச் சர்க்கரை ஆகாது, எல்லாம் சொல்றாடா. எப்பவோ என்கிட்ட போன்ல நீ கத்தினதுகூட அவளுக்கு ஞாபகமிருக்கு. இவளையா நீ மறதின்னு சொன்னே?"

"மத்ததெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும்க்கா. பாஸ்வேர்ட் மட்டும்தான் தங்காது, பாவம்."

"மறக்காத மாதிரி எதையாவது வச்சுக் கொடுத்திருக்கலாம் இல்ல?"

"கொடுக்காம இருப்பேனா? ஒவ்வொரு தடவையும் அவங்க பிறந்த தேதியைத்தானேக்கா வச்சு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாவியாரின் குரல் தேய்ந்தது. அக்கா தம்பியைத் திரும்பிப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.