ஒற்றை அடி

அநியாயம் நடந்தது வசந்தாவுக்கு. செய்தவன் கட்டின புருஷன். பெண்டாட்டி பயந்து நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே, "கம்பை எடுக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வக்காலத்து வாங்க யாராவது இருந்தால் வரட்டும், ஒரு கை பார்க்கலாம்!

கோவில்பதாகையில் அவர்கள் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு மரநாய் புகுந்து, பரணில் குட்டி போட்டிருந்தது. முந்தாநாள் விறகெடுக்கப் போன வசந்தாவின் முகத்துக்கு நேரே சீறிப் பாய்ந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

வயிற்றில் இருந்தது அவள் மட்டும் அறிந்த ரகசியம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டு தடவையும் மாமியார் அன்னம்மாள் தெருவெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கலைந்துபோயிற்று. கண் பட்டுவிட்டது என்றே வசந்தா நம்பினாள். அதனால் இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை, புருஷனிடம்கூட.

மாதாமாதம் தூரமான நாட்களில் அந்த வீட்டுப் பெண் கொட்டகையில்தான் இருக்க வேண்டும். (அது நியாயமா என்று தனியே சண்டை போடலாம்.) போன மாதம் வசந்தா பொய்யாகவே தூரம் என்று சொல்லி அங்கே போய் உட்கார்ந்தாள். "இந்தத் தபாவாவது தங்கிடு, கண்ணு" என்று வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். புருஷன் ஜெயராமன் சோற்றுத் தட்டைக் கீற்றுக்கு வெளியே வைத்து, சற்று நின்றுவிட்டுப் போனான்.

நாளைக்கு மறுபடி அந்த நாள். போகாவிட்டால் மாமியாருக்குத் தெரிந்துவிடும். போனால் மரநாய். யுத்தகாலத் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் ஏது? விளக்கும் கிடையாது. இருட்டில் மறுபடி பாய்ந்தால்? அந்தப் பயத்திலேயே இதுவும் போய்விட்டால்?

"எனக்குப் பயமா கீதுங்க. அதைக் கொன்னுடுங்க."

"போய்டும். குட்டிங்க கண்ணு தொறக்கட்டும். விறகு நான் எடுத்தாறேன்."

அன்னம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கோழி ரெண்டு போயிருந்தது.

"இன்னாடா, ஏரிக்கரையில நரியை ஒத்தை அடியில சாச்சவன் நீ! ஒரு மரநாய்க்குப் பயந்துகினு கீறே?"

"பயந்தேன்னே வச்சிக்கோம்மா."

சாயங்காலம் பக்கத்து வீட்டு எத்திராஜ் வைக்கோலும் மிளகாயும் நாயுமாக வந்துவிட்டான். கூப்பிட்டுவிட்டது அன்னம்மாள்.

"இன்னா மாமே, பட்டாபிராம்ல பட்டாளத்துக்கு மூட்டை எறக்கப் போனதும் கைக்கு வளையல் குட்த்தானுங்களா? தள்ளிக்க. வாசலை அடைச்சிப் பொகை போட்டா தாயும் குட்டியும் உள்ளயே காலி."

வசந்தாவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஜெயராமன் எரிகிற வைக்கோலைப் பிடுங்கி மண்ணில் போட்டு மிதித்தான்.

"எங்கூட்டாண்டை ஒண்ணும் சாவக் கூடாது. நாயை இஸ்துகினு போ."

"ஆம்பளையாடா நீ?" என்றான் எத்திராஜ். ஜெயராமன் கையில் கோணியைச் சுற்றிக்கொண்டு, கோழிக்கூடையோடு உள்ளே போனான்.

உள்ளே ஒரே சீறல். பானை உடைந்தது. வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது கூடையில் குட்டிகள். கோணியை மீறி மணிக்கட்டு கிழிந்து ரத்தம். ஏரிக்கரைப் பனந்தோப்பை நோக்கி நடந்தான். தாய் மரநாய் கூரையிலிருந்து குதித்து, வேலியோரமாகக் கூடையின் பின்னாலேயே ஓடியது.

"மரநாய்க்குப் பேறுகாலம் பாக்குது பாரு!" என்று எத்திராஜ் சிரித்தான். அன்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அவன் திரும்பி வந்ததும் வசந்தா காயத்தில் மஞ்சளை வைத்து அழுத்தினாள். கொஞ்சம் வேண்டுமென்றே அழுத்தினாள். மூன்று நாளாக அடக்கிய கோபம்.

"ஊரே சிரிக்குது. நான் பயத்துல செத்துகினு இருந்தேன். கையும் கிழிஞ்சிபோச்சி. எல்லாம் எதுக்கு? ஒத்தை அடி. ஒரே ஒரு அடி! அடிச்சா இன்னா?"

ஜெயராமன் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தான். அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய ஊட்ல வச்சிக்கினு, புருஷங்காரன் ஒரு உசிரை எடுக்கலாமாடி?"