பதினோரு நொடி ராஜவேலு

"ஏய்... எட்டப் போ. கிட்ட வந்த, கால ஒடச்சிப்புடுவேன்."

போனுக்குள்ளிருந்து ராஜவேலு கத்தினான். பழவேற்காடு கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமுதவல்லிக்கு மட்டும் அந்தக் கத்தல் போதவில்லை.

"இன்னும் சத்தமா வய்யி தம்பி. யாராவது போன் பண்ணா மணி அடிக்கக் கூடாது. இந்தாளு கத்தணும். நெத்திலி காயப் போட்டுட்டு வந்துகீறேன், வெரசா பாரு."

மொபைல் கடை ஆல்வின் பதிவை மறுபடி ஓட்டினான். பதினோரு நொடி. பின்னால் கடல் இரைச்சல். அதற்கும் பின்னால் படபடவென்று ஏதோ அடித்துக்கொள்ளும் சத்தம். காற்றில் தார்ப்பாய் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"உங்க ஊட்டுக்காரராக்கா?"

"ஆமா. பொங்கலுக்கு மக ஐஸ்வர்யா வந்தப்போ வெளாட்டா புடிச்சா. இப்ப அந்தாளுதுன்னு இது ஒண்ணுதான் கீது."

அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. ஆல்வின் பார்வையைப் போனுக்குத் திருப்பினான்.

டீக்கடை பெஞ்சிலிருந்து டேவிட் குரல் கொடுத்தான். "யக்கா, ஊட்ல வாங்குன திட்டு பத்தாதா? போன்லயும் வாங்கணுமா?"

"ஒனக்கு இன்னா தெரியும். டீ ஆறுது, குடி."

விலை உயர்ந்த போன். ஐஸ்வர்யா வேலை செய்யும் சென்னை வீட்டு அம்மா புதுசு வாங்கியதும் பழசைத் தூக்கிக் கொடுத்தது. ஆல்வின் செட்டிங்ஸுக்குள் போனான். கம்பெனிக்காரன் வைத்த சத்தங்கள் வரிசையாக இருந்தன: மணி, சலங்கை போல ஒன்று, தண்ணீர் சொட்டுவது போல ஒன்று. நம்முடையதைச் சேர்க்க இடமே இல்லை.

"அவன் குடுக்கிற சத்தத்ததாங்க்கா வச்சிக்கணும். நம்மளுது வேணும்னா தனியா ஒரு ஆப் ஏத்தணும்."

"ஏத்து."

ஏற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. சென்னை அம்மாவின் பாஸ்வேர்டு. அந்த அம்மா மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டாள்; அவள் நம்பரே ஐஸ்வர்யாவிடம் இல்லை.

"என் கைல கீற போனு. என் ஊட்டுக்காரன் கொரலு. நடுவுல இவன் யாரு தம்பி?"

சென்னையில் இரண்டு வருஷம் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, 'மன்னிக்கவும், அந்த வசதி கிடையாது' என்று போனில் முகம் தெரியாதவர்களிடம் சொல்லிச் சொல்லி வெறுத்து ஓடிவந்தவன் ஆல்வின். இங்கேயும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகினான். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்தால்தான் வேலை நடக்கும் என்றது. அழித்த பிறகும் அதே பாஸ்வேர்டைக் கேட்கும். அப்புறம் போனை எடைக்குத்தான் போட வேண்டும். கேபிளைப் பிடுங்கிவிட்டான்.

"போர்டெல்லாம் பெருசா மாட்டிகீற. ஒரு கத்தல ஏத்த முடியல ஒன்னால."

"உங்ககிட்ட பட்டன் போன் எதுனா கீதாக்கா?"

இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். கீபேடில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"இதுலேர்ந்துதான் அதுக்கு அடிப்பேன். காட்டூர்ல மீன் வித்துகினு இருக்கும்போது, கால் மணிக்கு ஒருவாட்டி ஒரு ரிங்கு உடுவேன். அது ஊட்டாண்ட கத்தணும்."

ஆல்வினின் கை நின்றது. ஆளில்லாத வீடு. அதற்குள் செத்தவனின் குரல். அதைக் கேட்கக்கூட அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். இவள் காட்டூர் தெருவில் கூடையோடு நின்று அடித்துக்கொண்டிருப்பாள்.

"மாத்தி வச்சிக்கலாமேக்கா. கொரல பட்டன் போன்ல ஏத்திப் பாக்குறேன். அத அங்க வச்சிட்டு, பெருச நீங்க எடுத்துக்கினு போங்க."

"இதுல வச்சா பத்தடி தாண்டாதுப்பா. தூரமா கேக்கணும்."

"அப்ப சாதா மணியே சத்தமா வச்சித் தரட்டா?"

"வச்சிப் பாத்தாச்சு. மொத ரெண்டு நாள் சரியா இருந்திச்சி. அப்பறம் பழகிப் போச்சு."

அவ்வளவுதான். ஆல்வினுக்குத் தெரிந்த வழியெல்லாம் தீர்ந்துவிட்டது. போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

"என்னால ஒண்ணும் முடியலக்கா."

அமுதவல்லி சண்டை போடவில்லை. போனைப் பாலிதீன் கவரில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். ஆல்வினுக்கு ஏதாவது ஆறுதலாகப் பேச வேண்டும்போல இருந்தது.

"அண்ணன் எறந்து எத்தினி நாளாச்சுக்கா?"

"யாரு எறந்தது?" அவள் நிமிர்ந்தாள். "அனுப்பம்பட்டுல ஒருத்தி ஊட்ல குந்திகினு மூணு வேளையும் துன்னுகினு கீறான். ரெண்டு மாசமாவுது."

ஆல்வினுக்குச் சட்டென்று கோபம் வந்தது. அவள் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை.

"அப்பறம் எதுக்குக்கா அந்தாளு கொரலு?"

அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நான் கத்துனா நெத்திலி மேலேர்ந்து ஒரு காக்கா நகர மாட்டேங்குது, தம்பி."