தையல்காரி வீட்டுக் கதவு

"இந்தப் பழைய கதவை எனக்குக் குடுத்துடும்மா. பதிலுக்குப் புதுசா ஒண்ணு போட்டுத் தரேன்," என்றாள் அண்ணி.

தையல்காரிக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் நின்ற ஹாரனுக்குத்தான் பகீரென்றது.

ஹாரன் தெருக்காரர்கள் வைத்த பேர். பாதி ஆயுசு லாரி ஓட்டி, இடுப்பு மக்கர் பண்ணியதும் வயலின் செய்கிற அண்ணியிடம் தொழில் கற்க வந்தவன். வந்த அன்றே அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள். உளி பிடிக்க யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாமாம். ஆனால் தட்டினால் பேசுகிற மரம் எது, ஊமை மரம் எது என்று காதுக்குத் தெரியணும், தெரியாவிட்டால் மறுபடியும் லாரிதான் என்றாள்.

பேசுகிற பழைய மரம் வயலின்காரருக்குப் பொன் மாதிரி. அதைப் போய் ஒரு அப்பாவியிடம் புதுக் கதவைக் காட்டிப் பிடுங்குவதா? அதுவும் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் வாங்கினால் ஒன்றரை டம்ளராகத் திருப்பித் தரும் ரோஷக்காரியிடம். தாழ்ப்பாள் பிடிக்காத அந்தக் கதவுக்குத் தையல் மெஷினை முட்டுக் கொடுத்துவிட்டுத் தனியாகத் தூங்குகிறவளிடம்!

அண்ணி விரலை மடக்கித் தட்டினாள். அடியில் கரையான் தின்றாலும் மேல்பலகை தேறும் என்றாள்.

"தம்பி, நீயும் தட்டிப் பாரு. கணீர்னு இல்ல?"

தட்டினான். நனைந்த சாக்குமூட்டை மாதிரி தொப்பென்றது. இன்னும் இரண்டு இடத்தில் தட்டினான். அங்கேயும் தொப்.

அண்ணி கண் கொட்டாமல் பார்த்தாள்.

"கணீர்னுதான் இருக்கு அண்ணி," என்றான்.

புதுக் கதவு வந்தது. நல்ல தேக்கு, இரட்டைத் தாழ்ப்பாள். என் வீட்டுக் கதவு கச்சேரிக்குப் போகுதாக்கும் என்று தையல்காரி தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

பழையதைச் சுமந்துகொண்டு பட்டறைக்கு நடந்த ஹாரனுக்கு அழுகையே வந்துவிட்டது. டயரைத் தட்டியே காற்று போதுமா என்று சொன்ன காது. லாரி இரைச்சல் அதைத் தின்றே தீர்த்துவிட்டது. இந்த இடுப்போடு இனி எந்தப் பிழைப்புக்குப் போவது?

கதவை இறக்கியதும் மனசில் இருந்ததைக் கொட்டினான்.

"அண்ணி, உங்களுக்குக் கணீர்னு கேட்டது எனக்குத் தொப்புனுதான் கேட்டுது. அங்கே பொய் சொல்லிட்டேன். இந்தத் தொழில் எனக்கு லாயக்குப்படாது. நான் கிளம்பறேன்."

அண்ணி கோடரியை எடுத்துக் கதவை நாலு போடு போட்டாள். துண்டுகளைப் பொறுக்கி, பசை காய்ச்சும் அடுப்புக்குள் தள்ளினாள்.

ஹாரன் வாய் பிளந்து நின்றான்.

"சும்மா குடுத்தா வாங்கற ஆளா அவ?" பசையைக் கிளறியபடியே அண்ணி சொன்னாள். "உன் காது ரெண்டும் பத்தரைமாத்துத் தங்கம், தம்பி. வாயை மட்டும் சாத்தி வெச்சுக்கோ."