நன்றிப் பட்டியலில் ஜெபசிங்

கணினி நிரல்களைத் தொகுத்துத் தரும், பலர் சம்பளமின்றிச் சேர்ந்து எழுதும் எங்கள் திறமூலக் கருவியின் புதிய பதிப்பு வெளியான மறுநாள், தூத்துக்குடியிலிருந்து அனிட்டா அழைத்தார்.

"நன்றிப் பட்டியல்ல இருந்து எங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துருங்க, மேடம்."

அவர் கணவர் ஜெபசிங் இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அவர் வேலை செய்த விதத்தைக் கற்றுக்கொண்ட செயற்கை நுண்ணறிவு நகல் இன்னும் எங்களுக்குத் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் அவர் பெயருக்கு ஒரு நன்றிக் கடிதம் அந்த வீட்டுக்குப் போகிறது.

"பிள்ளைக்கு இப்போ வாசிக்கத் தெரியுது. அப்பா வேலை பாக்காரு, வீட்டுக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்காருன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

பெயரை நீக்கப் பங்களித்தவரே சம்மதிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. முடியாது என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாததால், விதியை அப்படியே வாசித்தேன்.

"அப்போ அவர்ட்டயே கேளுங்க. நான் லைன்ல இருக்கேன்."

நகலுக்கு எழுதினேன். உடனே வந்த பதிலை அனிட்டாவுக்குச் சொன்னேன்.

"அடுத்த பதிப்புக்கான திட்டத்தில் என் பெயரில் ஏழு வேலைகள் இருக்கின்றன. முடித்துவிட்டு விலகிக்கொள்கிறேன்."

அனிட்டா சிரித்தார்.

"அவரேதான். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டும், இந்தா முடிச்சிட்டு வாரேன்னுதான் சொன்னாரு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி மேடம். ஏழுதான? பிள்ளைட்ட சொல்லுதேன்."

ஒவ்வொரு பதிப்புக்கும் யாருக்கு எத்தனை வேலை என்று திட்டம் போடுவதும் அந்த நகல்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.