வெட்டாத கிழங்கு

அறுவடை முடிந்ததும் நிலத்துக்காரர் வீட்டுக்கு ஒரு பெருவள்ளிக் கிழங்கைச் சுமந்துபோவது அடெகோக்கேயின் அப்பா காலத்து வழக்கம். நிலத்துக்காரர் அதை இரண்டாக வெட்டிப் பாதியைத் திருப்பித் தருவார். அந்தப் பாதி வீடு வந்து சேர்ந்தால் அடுத்த மழைக்கும் அந்த மண்ணை உழலாம். யொருபா இனத்துக் குடியானவர்களுக்கு அதற்குமேல் பத்திரம் எதற்கு?

நிலத்துக்காரப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வருஷம் கதவைத் திறந்தது லாகோஸிலிருந்து வந்திருந்த மகன் ஒலாபோடே. கிழங்கைப் பார்த்ததும் சிரித்தான்.

“எதுக்குண்ணே இந்தச் சுமை? இனிமே எதுவும் கொண்டு வர வேண்டாம்.”

“ஒரு வெட்டு வெட்டிக் குடுத்துடுங்க சின்னய்யா, போயிடறேன்.”

“அட, வேண்டாம்னு சொல்றேன்ல? எடுத்துட்டுப் போய்ப் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுங்க.”

குரலில் அத்தனை கனிவு. அடெகோக்கே கிழங்கை மறுபடியும் நீட்டினான். கோபத்தில் அவன் கன்னத்தில் அறைந்த வருஷம்கூடப் பெரியவர் பாதியைக் கொடுக்காமல் அனுப்பியதில்லை.

கதவு சாத்தியதும் கிழங்கை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினான். வாசலில் கிடந்தால் வாங்கிக்கொண்டதாகத்தானே அர்த்தம்!

மூச்சிரைக்க வீடு சேர்ந்தபோது முற்றத்தின் நடுவே அதே கிழங்கு கிடந்தது. பக்கத்தில் கார் வந்து திரும்பிய தடம்.

“மறந்து வச்சிட்டு வந்துட்டீங்களாமே? சின்னய்யாவே கொண்டாந்து குடுத்துட்டுப் போறாரு,” என்றாள் மனைவி மொரெனிகே. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு அடுக்களைக் கத்தியை எடுத்து வந்து அவனிடம் நீட்டினாள்.

“நாமளே வெட்டினா என்ன?”