இரண்டாம் பிரதிவாதி பாடியது

நீதிபதி இன்னொரு முறை போடச் சொன்னார்.

கிளார்க் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினார். டேப்ரெக்கார்டர் கிர்ரென்று சுற்றி நின்றது. கோவை கோர்ட்டில் அத்தனை பேருக்கு முன்னால் மறுபடியும் என் குரல் வந்தது.

கணபதி ஏரியாவில் எங்கள் வீடியோ கேம் கடைக்கு நானே பாடிய விளம்பரம். வார்த்தை என்னுடையது. மெட்டு, பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் பட்டிதொட்டியெல்லாம் ஓடிய ஒரு சினிமாப் பாட்டு. உள்ளூர் கேபிளில் மத்தியானப் படத்துக்கு நடுவே மூன்று மாதம் போட்டார்கள். ரேடியோவில் சும்மா வருகிற பாட்டுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது என்று நான் இருந்துவிட்டேன்.

சென்னைக் கேசட் கம்பெனிக்காரர்கள் அப்படி இருக்கவில்லை. நஷ்டஈடு தர வேண்டும், இல்லாவிட்டால் நான்கு டிவியும் கேம் பெட்டிகளும் ஜப்தி என்று வழக்குப் போட்டார்கள்.

கடை என் மனைவி பொற்கொடி பேரில். அதனால் அவள் முதல் பிரதிவாதி, நான் இரண்டாவது. இரும்பு வார்க்கிற பவுண்டரியில் மண் சுமந்து அவள் வாங்கிய செயின்தான் அந்த நான்கு டிவி.

ஆதாரத்தைக் கொடுத்த புண்ணியவானும் நான்தான். கம்பெனி ஆள் தம்பிதுரை ஒருநாள் கடைக்கு வந்து, விளம்பரத்தில் பாடியது யாருங்க என்று கேட்டார். அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். கேசட் ஒன்றில் கையெழுத்துப் போட்டு, விலாசமும் எழுதி, ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன். பாவம், வெயிலாக இருக்கிறதே என்று மொபெட்டில் உட்காரவைத்து காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டும் வந்தேன்.

அந்தக் கேசட்தான் இப்போது பாடிக்கொண்டிருந்தது.

எங்கள் வக்கீல் வெங்கடபதி முதல்முறை அதைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஜெயித்துவிடலாம் என்றார். அசலுக்கும் இதற்கும் ஒட்டே இல்லையாம். யார் என்ன கேட்டாலும் மூன்றே வார்த்தை சொன்னால் போதுமாம்: அது வேற பாட்டுங்க.

ஏன் ஒட்டில்லை என்று நான் கேட்கவில்லை. ஏதோ சட்ட நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொற்கொடியோ ஆரம்பத்திலிருந்தே பொய்க் கேஸ், பொய்க் கேஸ் என்று தெருவெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் பெருமை.

அவள் என்னைக் கட்டிக்கொண்டதே இந்த மெட்டால்தான். அப்போது நானும் அதே பவுண்டரியில்தான் வேலை. டீக்காக, உலைக்குக் காற்றடிக்கிற ப்ளோயரை நிறுத்தினால் பத்து நிமிசம் அமைதி. அவள் மண்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். நான் இதை முனகுவேன். வார்த்தையோடு பாடக் கூச்சம். பக்கத்தில் மேஸ்திரி இருப்பார்.

கேசட் முடிந்தது.

எந்த இடம் எந்த இடத்தோடு ஒத்துப்போகிறது, காட்டு என்று நீதிபதி கூண்டில் நின்ற தம்பிதுரையைக் கேட்டார். அந்த மனுசன் பொய் சொல்லத் தெரியாதவர். இரண்டு தடவை கேட்டும் பிடிபடவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கடை பிழைத்தது. வெங்கடபதி என் சட்டையைப் பிடித்தும் பார்த்தார்.

எழுந்துவிட்டேன்.

"ஐயா, அது அந்தப் பாட்டேதானுங்க. ஒரு சங்கதி விடாமப் பாடியிருக்கறனுங்க."

வெங்கடபதி கண்ணாடியைக் கழற்றினார். பிரதிவாதியே ஒப்புக்கொண்டுவிட்டார், பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். எங்கே, நேரில் பாடு பார்க்கலாம் என்றார்.

பாடினேன். பல்லவி முழுவதையும், சினிமாவில் வந்த அதே வார்த்தைகளோடு, கண்ணை மூடிக்கொண்டு, உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிற கவனத்தோடு.

கண்ணைத் திறந்தபோது வராந்தாவில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிதுரை தலையைக் குனிந்திருந்தார். எனக்காக வெட்கப்பட்ட முதல் எதிரி அவர்.

வார்த்தையைத் தவிர அந்தப் பாட்டு இவர் இப்போது பாடியதில் எங்கேயும் இல்லை, விளம்பரத்தில் அந்த வார்த்தையும் இல்லை, இரண்டாம் பிரதிவாதி தன்னைப் பற்றிச் சொல்வதை இந்தக் கோர்ட் நம்புவதற்கில்லை என்றார் நீதிபதி. வழக்கு தள்ளுபடி.

பஸ் ஸ்டாப் வரை பொற்கொடி எனக்கு முன்னால் நடந்தாள். டிவிகள் தப்பிய சந்தோஷம் முகத்தில் இல்லை. என் பாட்டைக் கேட்டு மானம் போய்விட்டதாக்கும் என்று நான் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணபதி பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"ஏனுங்க, அந்தச் சினிமாப் பாட்டை ரேடியோவுல நானும் எத்தனையோ தடவ கேட்டிருக்கறனுங்க. அப்ப டீ நேரத்துல நீங்க மொனகுனது, எனக்குன்னு நீங்களாக் கட்டுனது இல்லீங்களா?"

பஸ் புறப்பட்டுப் போனது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் சொல்லிக்கொடுத்ததை அப்போதுதான் நான் முதல்முறையாகப் பிசகாமல் சொன்னேன்.

"அது வேற பாட்டு, அம்மணி."